தொழுகை கற்ற தமிழர்: தொடக்க நூல்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

இஸ்லாம் சமயத்தின் ஐம்பெருங் கடமைகளுள் இரண்டாவதாக வைத்து எண்ணப்படுவது தொழுகை. வைகறை, நண்பகல், பிற்பகல், அந்தி, இரவு என்னும் ஐந்து காலங்களில் அஃது ஒவ்வொரு நாளும் நிறைவேற்றப்படுகிறது. இவற்றில் முறையே 2, 4, 4, 3, 4 என 17 ரக்அத்துகள் கட்டாயக் கடமையாவன. நிற்றல், குனிதல், நெற்றி நிலத்திற் படப் பணிதல் ஆகியன அடங்கிய ஒரு சுற்றே ரக்அத்து எனப்படும். ஒவ்வொரு சுற்றிலும் திருக்குர்ஆனின் முதல் அதிகாரமாகிய ‘பாத்திஹா’ ஓதப்படுகிறது. ஏழு வசனங்கள் கொண்ட அவ்வதிகாரத்தைத் தனித்துத் தொழும் ஒருவர் கட்டாயத் தொழுகைகளில் மட்டும் நாளொன்றுக்குப் பதினேழு முறை ஓதுகிறார். ஓதும் மொழி அரபு.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, அரபு மொழியின் ஓர் எழுத்தும் அறியாத சிறுவனோ, பெண்ணோ, புதிதாகச் சமயம் தழுவிய முதியவரோ இத்தொழுகையை எவ்வாறு கற்றனர்? அவர்க்குக் கற்பித்தோர் எந்நூல்களைக் கைக்கொண்டனர்? அந்நூல்கள் எம்மொழியில், எவ்வெழுத்தில் அமைந்தன?

தமிழ் இலக்கிய வரலாறு எழுதியோர் சீறாப்புராணம் முதலிய காப்பியங்களைப் போற்றியுள்ளனர். ஆயின் ‘தொழுகை முறை’ கூறும் சிறு நூல்களை அவர்கள் பெரும்பாலும் நோக்கிலர். கவிநயம் இல்லாதவை, சமயச் சடங்கு பற்றியவை, அரபு எழுத்தில் அமைந்தவை என்பன அவை புறக்கணிக்கப்பட்டமைக்குக் காரணங்களாகலாம். எனினும் ஒரு மக்கட் கூட்டத்தின் எழுத்தறிவு வரலாறும், அயன்மொழி ஒலிகளை எதிர்கொண்ட தமிழின் வரலாறும் அச்சிறு நூல்களிலேயே பொதிந்து கிடக்கின்றன. அவ்வரலாற்றின் சில கூறுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தொடக்கத்தார் கற்ற முறை

தொழுகையைக் கற்றல் என்பது இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே இடம்பெறும் செய்தியாகும். நபிகள் நாயகத்தின் வரலாற்றை முதலில் தொகுத்தோருள் ஒருவரான இப்னு இஸ்ஹாக் தரும் மரபுச் செய்தி நோக்கத்தக்கது. வானவர் ஜிபுரீல் மக்காவின் மேட்டுநிலத்தில் தோன்றிக் குதிகாலால் நிலத்தை உந்த, ஊற்றொன்று பெருகிற்று. அந்நீரால் அவர் தம் உறுப்புகளைத் தூய்மை செய்து காட்டினார். பின்னர்த் தொழுதும் காட்டினார். நபிகள் நாயகம் அவ்வாறே செய்தார். அதன்பின் இல்லம் சென்று தம் மனைவியார் கதீஜாவுக்குக் கற்பித்தார். இச்செய்தி தமிழுக்குப் புதிதன்று. உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்து நுபுவ்வத்துக் காண்டத்தில் ‘தொழுகை வந்த வரலாற்றுப் படலம்’ எனத் தனிப்படலமே அமைத்துள்ளார். காப்பியப் புலவர் ஒருவர் ஒரு வழிபாட்டைக் கற்ற நிகழ்ச்சியைப் படலப் பொருளாகத் தேர்ந்தமை சிந்திக்கத்தக்கது. நபி முதலில் ஒரு மாணவர். அவரிடம் கற்ற முதல் மாணவர் ஒரு பெண்மணி என்பது அம்மரபின் உட்பொருள்.

நபிமொழித் தொகுப்புகளில் காணப்படும் வேறு மூன்று நிகழ்ச்சிகளும் இங்கு நினைவுகூரற்பாலன. ஒன்று, மாலிக் இப்னு ஹுவைரிஸ் என்பாரும் அவர் போன்ற இளைஞர் சிலரும் மதீனாவில் இருபது நாள் தங்கிய நிகழ்ச்சி. அவர்கள் ஊர் திரும்புங்கால், தாம் தொழக் கண்டவாறே தொழுமாறு நபிகள் நாயகம் பணித்தார். இரண்டாவது, ஒருவர் பள்ளியினுட் புகுந்து விரைந்து தொழுது முடித்த நிகழ்ச்சி. அவர் தொழுதது தொழுகையன்று எனக் கூறி, மீண்டும் தொழுமாறு மும்முறை திருப்பி அனுப்பினார் நபிகள் நாயகம். இதனினும் சிறப்பாகத் தமக்குத் தெரியாதென்றும் கற்றுத்தருமாறும் அவர் வேண்டிய பின்னரே, ஒவ்வொரு நிலையிலும் உறுப்புகள் அமைதியுறும்வரை தங்கவேண்டும் என்னும் முறை அவருக்கு விளக்கப்பட்டது. மூன்றாவது, குர்ஆனில் எதனையும் மனனம் செய்ய இயலவில்லை என முறையிட்ட ஒருவருக்கு, அதற்கீடாக இறைவனைப் போற்றும் சில சிறு தொடர்கள் கற்பிக்கப்பட்ட நிகழ்ச்சி.

இம்மூன்றினின்றும் மூன்று கொள்கைகள் பெறப்படுகின்றன. தொழுகை பார்த்துக் கற்கப்படுவது, விரைவு களைந்து திருத்தமுறச் செய்யப்படுவது, இயலாதார்க்கு எளிதாக்கப்படுவது. பிற்காலத்துத் தமிழ்க் கற்பிப்பு முறைகளிலும் இம்மூன்றும் வெவ்வேறு அளவில் தொழிற்படுவதைக் காணலாம்.

3. மொழி பற்றிய வினா

அரபு நாட்டு மாணவர்க்கு இல்லாத சிக்கலொன்று அயன்மொழி மாணவர்க்கு உண்டு. உடலசைவுகளைக் கண்டு பயிலலாம். ஓதும் சொற்களை எவ்வாறு பயில்வது? இவ்வினாவை முதலில் எதிர்கொண்டோர் பாரசீகர். பாரசீகரான சல்மான், தம் நாட்டார்க்குப் பாத்திஹாவைப் பாரசீகத்தில் எழுதி அனுப்பினார் என்றும், அரபு மொழி நாவுக்குப் பழகும்வரை அவர்கள் அதனை ஓதினர் என்றும் ஹனபீ மரபின் சட்ட நூலாசிரியர் ஸரக்ஸீ ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். கூபா நகரத்துப் பேரறிஞர் அபூ ஹனீபா (699–767) தொழுகையில் பாரசீகத்தில் ஓதுதலை ஏற்றார். அவர்தம் மாணாக்கர் அபூ யூசுபும் முகம்மது அஷ்ஷைபானியும் அரபு இயலாதார்க்கு மட்டுமே அஃது ஆகும் என வரையறுத்தனர். அபூ ஹனீபாவும் பின்னர் அவ்வரையறையையே ஏற்றார் என அம்மரபினர் உரைப்பர்.

இமாம் ஷாபிஈ (767–820) வகுத்த நெறியோ இதனின் வேறானது. பாத்திஹா அரபு மொழியிலேயே ஓதப்படல் வேண்டும். மொழிபெயர்ப்பு அதன் இடத்தைப் பெறாது. அதனை அறியாதவர் குர்ஆனில் தாம் அறிந்த வேறு பகுதியை ஓதுக. அதுவும் இயலாவிடின் இறைவனைப் போற்றும் தொடர்களைக் கூறுக. எதுவுமே அறியாதவர் ஓதும் நேரமளவு வாளா நிற்க என்பது அந்நெறி. பொருளுணர்ந்து பிறமொழியிற் கூறுதலினும் அரபு ஒலியின் முன் அமைதியாக நிற்றலே மேல் என அது கருதிற்று.

தமிழகக் கடற்கரையில் வாழும் முஸ்லிம்களுட் பெரும்பாலோர் ஷாபிஈ நெறியினர். காயற்பட்டினம், கீழக்கரை முதலிய துறைமுக ஊர்களின் மரைக்காயரும், மலையாளக் கரையினரும், ஈழத்துச் சோனகரும் அந்நெறியையே தழுவினர். உள்நாட்டு இராவுத்தர் பெரும்பாலும் ஹனபீ நெறியினர். ஆகவே தமிழில் முதன்முதல் தொழுகை கற்பித்த கடற்கரை ஆசிரியர்க்கு மொழிபெயர்த்து ஓதுவித்தல் என்னும் வழி அடைபட்டிருந்தது. ஒலி அரபாக இருத்தல் வேண்டும். விளக்கம் தமிழாக இருத்தல் வேண்டும். தமிழ் முஸ்லிம் கல்வி வரலாறு முழுவதையும் இயக்கிய விசை இவ்விரு தேவைகளே எனலாம்.

4. சொற்கள் காட்டும் வரலாறு

தொடக்க மாணவன் முதற்கண் கற்பது சொற்களை. அச்சொற்களைத் தொகுத்து நோக்கின் அவை மூன்று வகையாகப் பிரிகின்றன.

முதல் வகை, தூய தமிழ்ச் சொற்கள். ‘தொழுகை’ என்பதே அவற்றுள் தலையாயது. வட இந்தியாவிலும் துருக்கியிலும் ‘நமாஸ்’ என்னும் பாரசீகச் சொல் பரவியிருக்க, தமிழ் முஸ்லிம்கள் ‘தொழு’ என்னும் பண்டைத் தமிழ் வினையடியைக் கொண்டே தம் தலையாய கடமைக்குப் பெயரிட்டனர். குர்ஆனை ஓசையோடு கூறுதலை ‘ஓதுதல்’ என்றனர். உண்ணாநிலையை ‘நோன்பு’ என்றனர். வழிபாட்டிடத்துக்குப் ‘பள்ளி’ எனவும் ‘பள்ளிவாசல்’ எனவும் பெயர் வழங்கினர். சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்தையும் கல்விச் சாலையையும் குறித்த சொல் அது. திருப்புல்லாணிக் கோயிலிலுள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டொன்று சோனகரது பள்ளியைப் ‘பிழார்ப்பள்ளி’ எனக் குறித்து, அதற்கு அளித்த கொடையைக் கூறுகின்றது. எனவே அச்சொல்லாட்சி எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே நிலைபெற்றிருந்தது என்பது தெளிவு.

இரண்டாம் வகை, அரபுச் சொல்லும் தமிழ் வினையும் இணைந்த தொடர்கள். ‘தக்பீர் கட்டுதல்’, ‘உளூச் செய்தல்’, ‘சலாம் கொடுத்தல்’ என்பன சான்றாகும். ‘அல்லாஹு அக்பர்’ எனக் கூறிக் கைகளை உயர்த்திக் கட்டுதலால் தொழுகை தொடங்குகிறது. கூறுவது தக்பீர், கட்டுவது கை. இரண்டையும் ஒரு தொடராக்கித் ‘தக்பீர் கட்டினார்’ எனக் கூறும் வழக்குத் தமிழில் உண்டு. பார்த்துச் செய்தலும் கேட்டுச் சொல்லுதலும் ஒருங்கே நிகழும் கற்பிப்பு முறையை இத்தொடர் தன்னுள் அடக்கிக் காட்டுகிறது.

மூன்றாம் வகை, ஒலித்திரிபுற்ற அரபுச் சொற்கள். இவற்றுள் ஒரு திரிபு வரலாற்று மதிப்புடையது. ‘ளாத்’ எனத் தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் அரபு எழுத்து வட இந்தியாவில் பாரசீக வழியாக ‘ஸ’ (ஜ) ஒலி பெற்றது. அங்கு ‘ரம்ஜான்’, ‘வஸு’, ‘பர்ஸ்’, ‘கஸா’ என வழங்குவன தமிழில் ‘ரமளான்’, ‘உளூ’, ‘பர்ளு’, ‘களா’ என ளகரம் பெறுகின்றன. பள்ளிவாசலில் உறுப்புத் தூய்மைக்கென அமைந்த நீர்த்தொட்டியும் ‘ஹவுள்’ எனப்படுகிறது. அரபு இலக்கண ஆசிரியர் சீபவைஹி (8ஆம் நூற்றாண்டு) இவ்வெழுத்து நாவின் பக்கத்தினின்று பிறப்பதாக விளக்குகிறார். அப்பண்டை ஒலிப்பு லகர ளகரங்களுக்கு அணித்தானது. ‘அல்காளீ’ என்னும் அரபுச் சொல் இசுப்பானிய மொழியில் லகரம் விரவி ‘அல்கால்தே’ என வழங்குதலும் ஒப்புநோக்கத்தக்கது. தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே காணப்படும் இந்த ளகர ஒலிப்பு, தொழுகைக் கல்வி தில்லி வழியாகப் பாரசீகம் பேசுவோரிடமிருந்து வராது, கடல் வழியாக அரபு பேசுவோரிடமிருந்து நேரே வந்தது என்பதற்கு வலிய சான்றாகும். எனினும் தொழுகை அழைப்பைக் குறிக்கும் ‘பாங்கு’ என்னும் சொல் பாரசீகம். கடல்வணிகத்தில் பாரசீகர் பெற்றிருந்த பங்கினை அது நினைவூட்டுகிறது எனலாம்.

5. அரபுத் தமிழ் தோன்றிய தேவை

தமிழ் எழுத்து அரபு ஒலிகளைப் பிரித்துக் காட்டவல்லதன்று. குர்ஆனின் 112ஆம் அதிகாரம் தொடக்க மாணவர் அனைவரும் கற்கும் மிகச் சிறிய அதிகாரங்களுள் ஒன்று. அதன் முதற்சொல்லைத் தமிழில் எழுதின் ‘குல்’ என்றாகும். அடிநாவில் பிறக்கும் ககரம் கொண்டு ஒலித்தால் அதன் பொருள் ‘கூறுக’. வேறொரு ககரம் கொண்டு ஒலித்தால் ‘உண்க’ என்றாகிவிடும். ‘கல்பு’ என்னும் எழுத்துக்கோவையும் இத்தகையதே. ஒரு ககரத்தால் அது நெஞ்சம். மற்றொரு ககரத்தால் நாய். சகர, ஹகர ஒலிகளின் வேறுபாடுகளும் இவ்வாறே தமிழ் எழுத்தில் மறைந்துபோகின்றன. ஒலித் திருத்தத்தைத் தொழுகையின் கட்டாய உறுப்பாகக் கொண்ட ஷாபிஈ நெறியினர்க்கு இது சிறு குறையன்று. தொழுகையையே பழுதாக்கும் குறையாகும்.

இதற்குத் தமிழ் முஸ்லிம் அறிஞர் கண்ட தீர்வே அரபுத் தமிழ். மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய வடிவங்கள் அமைத்துக்கொண்டனர். எகர ஒகரங்களுக்கும் தனிக்குறிகள் வகுத்தனர். இம்முறையில் எழுதப்பட்ட நூலொன்றில் ஓதவேண்டிய அரபுப் பகுதி தன் இயல்பான வடிவிலேயே நிற்கும். அதனை அடுத்து அதே எழுத்தில் தமிழ் விளக்கம் தொடரும். மாணவன் ஓர் எழுத்துமுறையைக் கற்றால் போதும். இரு மொழிகளும் அவனுக்குத் திறந்தன. குர்ஆன் ஓதுதற்கென எழுத்தறிந்த ஒருவர், வேறு கல்வி பெறாமலே தம் தாய்மொழியையும் படிக்க வல்லவரானார்.

இதன் பயன் பெண்டிரிடத்துப் பெரிதும் விளங்கிற்று. பொதுப் பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பில்லாத காலத்தில், கடற்கரை ஊர்ப் பெண்கள் இல்லங்களிலும் பெண்களுக்கென அமைந்த தைக்காக்களிலும் குர்ஆன் ஓதக் கற்றனர். அவ்வெழுத்தறிவு கொண்டே அரபுத் தமிழ் நூல்களைப் படித்தனர்; பிறர்க்கும் படித்துக் காட்டினர். மேலைக் கடற்கரையில் ஹொன்னாவரத்தில் பெண்களுக்கெனப் பதின்மூன்று பள்ளிகளும் ஆண்களுக்கென இருபத்து மூன்று பள்ளிகளும் இருந்தன என 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா குறித்துள்ளார். இந்தியக் கடற்கரை முஸ்லிம்களிடையே பெண்கல்வி பழமையானது என்பதற்கு இஃதொரு சான்று.

இவ்வெழுத்துமுறை தமிழர்க்கே உரிய தனிப் புதுமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. மலையாளக் கரையில் அரபு மலையாளமும், மலாய் நாட்டில் ஜாவி எழுத்தும் இதே தேவையால் வளர்ந்தன. கோழிக்கோட்டுக் காளி முகம்மது 1607இல் இயற்றிய முஹ்யித்தீன் மாலை அரபு மலையாளத்தின் பழம்பெரும் படைப்பு. இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த ஷாபிஈ உலகம் ஒரே சிக்கலுக்கு ஒரே வகையான விடையைப் பல மொழிகளிற் கண்டது என்பதே உண்மை.

6. வினாவிடையும் மாலையும்

தமிழில் முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய நூல்களுட் பழமையானது வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் அரங்கேற்றிய ஆயிர மசலா. அப்துல்லா இப்னு சலாம் என்னும் யூத அறிஞர் வினவ, நபிகள் நாயகம் விடையளிக்கும் அமைப்புடையது அது. ‘மசலா’ என்பது வினா, சிக்கல் எனப் பொருள்படும் அரபுச் சொல். பாட்டிலக்கியத்தில் நாம் காணும் இவ்வினாவிடை வடிவம், கல்வித் துறையிலும் ஆட்சி பெற்றது. ‘உளூவின் பர்ளு எத்தனை?’ என ஆசிரியர் வினவுதலும், மாணவன் எண்ணைக் கூறிப் பின் ஒவ்வொன்றாக விரித்தலும் ஓதற்பள்ளிகளில் நெடுங்காலம் நிலவிய முறையாகும்.

எண்ணிக் கற்பித்தல் தொடக்கத்தார்க்கு இன்றியமையாதது. இமாம் நவவீ (1233–1277) தம் மின்ஹாஜ் என்னும் சட்ட நூலில் தொழுகையின் உறுப்புகளைப் பதின்மூன்று என வகுத்தார். உளூவின் கடமைகள் ஷாபிஈ நெறியில் ஆறு: எண்ணங்கொள்ளுதல், முகங்கழுவுதல், முழங்கையுட்படக் கைகளைக் கழுவுதல், தலையில் ஒரு பகுதியை நீரால் தடவுதல், கணுக்காலுட்படக் கால்களைக் கழுவுதல், இவற்றை இவ்வரிசையிற் செய்தல். ஹனபீ நெறியில் எண்ணமும் வரிசையும் கட்டாயமல்ல. ஆதலின் அங்குக் கடமை நான்கே. விரல் மடக்கி எண்ணும் சிறுவனுக்கு இவ்வெண்களே சட்டக் கல்வியின் முதற்படி.

எண்ணோடு இசையும் துணை செய்தது. காயற்பட்டினத்து ஷாம் சிஹாபுத்தீன் முதலியோர் நபிமொழிகளையும் கடமைகளையும் அரபுத் தமிழில் மாலைகளாகப் பாடினர். இவர் 17ஆம் நூற்றாண்டின் பேராசான் சதகத்துல்லாஹ் அப்பாவின் உடன்பிறந்தார். பெண்புத்தி மாலை போன்ற பாடல்கள் பெண்டிர்க்குரிய அறங்களைக் கூறின. நூல் படிக்க இயலாதவரும் பாட்டைக் கேட்டு மனங்கொள்ள முடிந்தது. ஆலிப் புலவரது மிகுராசு மாலை (1590) நபிகள் நாயகத்தின் விண்ணேற்றத்தைப் பாடுவது. ஐம்பது வேளையாக விதிக்கப்பட்ட தொழுகை ஐந்தாகக் குறைக்கப்பட்டது அவ்விண்ணேற்றத்தின்போதே என்பது மரபு. ஆகவே கடமையின் முறையைச் சிறு நூல்களும், கடமையின் பெருமையைப் பாட்டிலக்கியமும் கற்பித்தன. இவ்விரண்டையும் வேறு பிரித்து, ஒன்றை இலக்கியமென ஏற்று மற்றொன்றை விலக்குதல் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று.

உரைநடையில் இம்முயற்சியை உச்சத்துக்குக் கொண்டு சென்றவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898). காயற்பட்டினத்திற் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த இவர் ஷாபிஈ நெறிச் சட்டங்களைத் தொகுத்து மகானீ, பத்ஹுத் தய்யான் முதலிய அரபுத் தமிழ் நூல்களை எழுதினார். தூய்மை, தொழுகை, நோன்பு என ஒழுங்குபெற அமைந்த இவரது உரைநடை தமிழகத்திலும் ஈழத்திலும் பரவிற்று. பத்ஹுத் தய்யான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டுக் கொழும்பில் 1963இல் வெளிவந்தமை, அந்நூல் ஈழத்தில் பெற்றிருந்த செல்வாக்கை உணர்த்தும்.

7. இரு நெறிகளும் ஒரு மாணவனும்

ஒரே ஊரில் ஷாபிஈ பள்ளியும் ஹனபீ பள்ளியும் அமைந்திருத்தல் தமிழகத்தில் உண்டு. புதிதாகக் கற்பவர் இரண்டிலும் தொழ நேரின் பல வேறுபாடுகளைக் காண்பார். குனியுமுன்னும் நிமிரும்போதும் கைகளை உயர்த்துவர் ஷாபிஈ நெறியினர்; ஹனபீ நெறியினர் தொடக்கத்தில் மட்டும் உயர்த்துவர். முன்னவர் கைகளை நெஞ்சின் கீழும் கொப்பூழின் மேலுமாகக் கட்டுவர். பின்னவருள் ஆடவர் கொப்பூழின் கீழ்க் கட்டுவர். முன்னவர் பாத்திஹாவின் முடிவில் ‘ஆமீன்’ என்பதை உரக்கக் கூறுவர். பின்னவர் மெல்லக் கூறுவர். வைகறைத் தொழுகையில் ‘குனூத்து’ என்னும் வேண்டுதலை ஓதுதல் ஷாபிஈ வழக்கு. ஒரு பொருளின் நிழல், நண்பகலில் அதற்குள்ள நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவினதாய் நீளும்போது பிற்பகல் தொழுகை தொடங்கும் என்பது ஷாபிஈ கணக்கு. இருமடங்காக நீளவேண்டும் என்பது அபூ ஹனீபாவின் கணக்கு.

கற்றோர்க்கு இவை கிளைவேறுபாடுகளே. தொடக்கத்தார்க்கோ இவை மயக்கந் தருவன. ஆகவே தமிழ்த் தொழுகை நூல்கள் தம் முகப்பிலோ இடையிலோ எந்நெறிக்குரியன என்பதைத் தெளிவாகக் குறித்தன. சில நூல்கள் இரு நெறிகளையும் அடுத்தடுத்து வைத்து விளக்கின. ஒன்று சரி, மற்றொன்று பிழை எனக் கூறாது, இரண்டும் ஏற்புடையன எனக் கற்பித்த இம்முறை, ஊரொற்றுமைக்கும் துணை நின்றது.

8. வாயிலில் நிற்கும் தமிழ்

தொழுகையினுள்ளே தமிழுக்கு இடமில்லை என்றோம். ஆயின் அதன் வாயிலில் ஓரிடம் உண்டு. எத்தொழுகையை, எத்தனை ரக்அத்து, யாருக்காகத் தொழுகிறேன் என நெஞ்சில் நினைந்துகொள்ளுதல் ‘நிய்யத்து’ எனப்படும். நிய்யத்தின் இடம் உள்ளம். நாவாற் கூறுதல் கட்டாயமன்று. உள்ளத்துக்குத் துணையாகும் என்பதால் நன்றென ஷாபிஈ அறிஞர் பிற்காலத்திற் கொண்டனர். உள்ளத்தின் மொழி தாய்மொழியே ஆதலின் இதனை எம்மொழியிலும் கூறலாம். எனவே தமிழ்த் தொழுகை நூல்களில் ஒவ்வொரு வேளைக்கும் நிய்யத்துத் தொடர்கள் தமிழிலேயே அமைந்தன.

தமிழ் மாணவன் தன் மொழியில் தன் கருத்தை அறிவித்து, அடுத்த நொடியில் தக்பீர் கட்டி அரபினுட் புகுகிறான். தொழுகை முடிந்து சலாம் கொடுத்தபின், வேண்டுதலின்போது மீண்டும் தமிழுக்குத் திரும்புகிறான். முனாஜாத்து என்னும் வேண்டுதற் பாடல்கள் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் தனி இலக்கிய வகையாகச் செழித்தமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணமாகலாம். நிய்யத்தை வாயாற் கூறுதல் நபிவழியிற் காணப்படாதது எனக் கண்டிக்கும் இயக்கங்கள் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தில் வலுப்பெற்றன. அதன்பின் வெளிவந்த நூல்கள் பலவற்றில் அத்தொடர்கள் நீங்கின. சிறு தொடர் ஒன்றன் இருப்பும் நீக்கமும் சமயச் சிந்தனையின் மாற்றத்தைக் காட்டுதல் காண்க.

9. அச்சும் எழுத்து மாற்றமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சு முறை பரவியபின், கையெழுத்தில் இருந்த அரபுத் தமிழ் நூல்கள் சென்னை, பம்பாய், கொழும்பு முதலிய நகரங்களில் அச்சேறின. கையால் எழுதிய வடிவையே அப்படியே பதிக்கும் கல்லச்சு, புள்ளிகளும் குறிகளும் மிகுந்த இவ்வெழுத்துக்கு ஏற்றதாயிற்று.

ஆயினும் அதே நூற்றாண்டில் தமிழ் எழுத்தின் செல்வாக்கும் வளர்ந்தது. அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் தமிழ் பயின்றோர்க்கு அரபுத் தமிழ் அயலாயிற்று. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் மு. கா. சித்தி லெப்பை (1838–1898) 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, பொருளுணராது மனனம் செய்விக்கும் கல்வி சீர்திருந்தவேண்டும் என வற்புறுத்தினார். தமிழகத்தில் பா. தாவூத்ஷா (1885–1969) தம் ‘தாருல் இஸ்லாம்’ இதழ் வழியாகச் சமயச் செய்திகளைத் தமிழ் எழுத்தில், எல்லார்க்கும் விளங்கும் நடையில் எழுதினார்; வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு மக்கள் மொழியில் நிகழவேண்டும் என வாதிட்டார். ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி (1876–1955) குர்ஆன் முழுமைக்கும் தமிழ் எழுத்தில் மொழிபெயர்ப்புத் தந்தார். இவர்கள் எவரும் தொழுகையைத் தமிழில் நிகழ்த்த முற்படவில்லை என்பது கருதத்தக்கது. துருக்கியில் 1932 முதல் 1950 வரை தொழுகை அழைப்பு அரசாணையால் துருக்கிய மொழியில் நிகழ்ந்தது. தமிழகத்திலோ ஒலி அரபாகவும் பொருள் தமிழாகவும் இருத்தல் என்னும் பழைய உடன்பாடே நிலைத்தது. எழுத்து மட்டுமே மாறிற்று.

இம்மாற்றத்தால் பழைய சிக்கல் புதுவடிவில் மீண்டது. தமிழ் எழுத்தில் அரபுப் பகுதிகளைப் பெயர்த்தெழுதிய புதிய தொழுகை நூல்கள் ‘குல்’ என்பதன் இரு ககரங்களையும் காட்ட இயலாது இடர்ப்பட்டன. கிரந்த எழுத்துகளையும், ஆய்தத்தையும், எழுத்தின்மேல் இட்ட குறிகளையும் சில நூல்கள் துணைக்கொண்டன. நூலை மட்டும் நம்பற்க, ஆசானிடம் கேட்டுத் திருத்திக்கொள்க என வேறு சில எச்சரித்தன. ஓதற்பள்ளி ஆசிரியரின் தேவை இதனால் குறைந்திலது. அரபு எழுத்துகளை ஸபர், ஸேர், பேஷ் என்னும் உயிர்க்குறிகளோடு கூட்டி உரக்கச் சொல்லவைத்து, ‘அம்ம’ பாகம் எனப்படும் குர்ஆனின் இறுதிப் பகுதியிலுள்ள சிறு அதிகாரங்களினின்று தொடங்கும் முறை இன்றளவும் தொடர்கிறது.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். தொழுகைக் கல்விக்குரிய சொற்களுள் அடிப்படையானவை பழந்தமிழ்ச் சொற்களே. அரபுச் சொற்களின் ளகர ஒலிப்புக் கடல்வழித் தொடர்பை உறுதி செய்கிறது. அரபுத் தமிழ் என்னும் எழுத்துமுறையை வளர்த்த காரணங்களுள் தலையாயது, ஒலி பிறழாது ஓதவேண்டும் என்னும் சட்டத் தேவை. அத்தேவையினின்று பிறந்த சிறு நூல்கள், பள்ளிக்கூடம் காணாத பெண்டிர்க்கும் எளியோர்க்கும் எழுத்தறிவை வழங்கின.

அரபுத் தமிழின் குறையும் மறைத்தற்குரியதன்று. அதனை மட்டும் கற்றவர் தமிழ் எழுத்தில் அமைந்த பேரிலக்கியத்தை அணுக இயலவில்லை. தமிழ் எழுத்து மட்டும் கற்றவர் அரபுத் தமிழ்ச் செல்வத்தை அறிந்திலர். ஒரே மொழியைப் பேசிய இரு சாராரிடையே எழுத்து ஒரு சுவராயிற்று. இன்று அவ்வெழுத்தைப் படிக்க வல்லோர் அருகிவிட்டனர். கடற்கரை ஊர்களின் வீட்டுப் பேழைகளிலும் பள்ளிவாசல் அடுக்குகளிலும் கிடக்கும் கல்லச்சு ஏடுகள் கடற்காற்றாலும் செல்லாலும் அழிந்துவருகின்றன. காப்பியங்கள் பலகாற் பதிப்பிக்கப்பெற்றுப் பிழைத்தன; தாயொருத்தி தன் மகளுக்கு உளூவின் கடமைகளை எண்ணிக் கற்பித்த சிறு நூலுக்குப் பதிப்பாசிரியர் இலர்.

அத்தகைய நூல்களைத் தேடித் தொகுத்தலும், தமிழ் எழுத்திற்கு மாற்றிப் பதிப்பித்தலும், அவற்றின் சொற்களுக்கு அகராதி அமைத்தலும் தமிழாய்வுத் துறைகளின் கடமையாகும். அவ்வெழுத்தைச் சிறுவயதிற் கற்ற முதியோர் சிலர் இன்னும் வாழ்கின்றனர். அவர்கள் உள்ளபோதே இப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.